கடனும் கையெழுத்தும்



கடனைப் பற்றி மேடையில் பேசுவது மங்கலமன்று என்பர் சிலர். ஆயினும் கல்யாணம், கருமாதி, பிள்ளைகளின் படிப்பு என்று வரும்போது கைமாற்று வாங்காத வீடு நமது லயங்களில் உண்டோ? ஆகவே அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நமது முன்னோரிற் பலர் இந்நாட்டுக்குக் கடனோடுதான் வந்தனர். வழிச்செலவும் அரிசியும் கங்காணியின் கணக்கில் பற்றாக ஏறின. தோட்டம் மாற வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த காகிதமே துண்டு. கடன்பட்டவர்களிற் பெரும்பாலோர் அதை வாசிக்க அறியார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. வாசிக்க அறியாதவரைக் கட்டிய எழுத்து, வாசிக்க அறிந்தவரைக் காக்கும். இதுவே நாம் இன்று சொல்ல வந்தது.

"அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு? வாக்குப் போதாதா?" என்று பெரியோர் கேட்கலாம். வாக்கை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் மனிதர் மறப்பர், மறைவர். கொடுத்தவர் காலமானால் அவர் மனைவி எதைக் காட்டிக் கேட்பாள்? வாங்கியவர் காலமானால், அவர் கட்டி முடித்த தவணைகளைப் பிள்ளைகள் எப்படி மெய்ப்பிப்பர்? சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில்லாத கடனுக்கு 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த வாக்குறுதிக்கு 6 ஆண்டுகள் உண்டு.

எழுதுவது கடினமன்று. இருவர் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். அட்டை இலக்கம், தோட்டம், டிவிசன், லய இலக்கம் ஆகியவையும் வேண்டும். கையில் வாங்கிய தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுக. கொடுத்த தேதி, வட்டி உண்டா இல்லையா, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவது என்பனவற்றைத் தெளிவாகச் சொல்லுக. இருவரும் இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்க. ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குக. கடன் தீர்ந்ததும் "முற்றாகத் தீர்ந்தது" என்று இரு பிரதிகளிலும் எழுதிக் கையொப்பம் பெறுக.

வட்டியை ஆண்டுக் கணக்கில் எழுதிப் பாருங்கள். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் சிறிதாகத் தோன்றும்; ஆண்டுக்கு அது நூற்றுக்கு 120. 20,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 2,000 ரூபாய் வட்டி கட்டினால், பத்தே மாதத்தில் வட்டி முதலுக்குச் சமமாகும். முதலோ அப்படியே நிற்கும். தனியாள் கடனில், கோரிப் பெறக்கூடிய வட்டி நிலுவை முதலுக்கு மேற்படலாகாது என்று 1852ஆம் ஆண்டிலேயே சட்டம் வரம்பு கட்டியது.

தொகை எழுதாத வெற்றுத் தாளில் எவரும் ஒப்பமிட வேண்டாம். கடனுக்கு ஈடாகத் தொகை எழுதாத புரோநோட்டையோ, பொய்த் தொகை எழுதிய புரோநோட்டையோ அறிந்து வாங்குவது 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி குற்றமாகும். அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் ஈடாகக் கொடுக்க வேண்டாம். பெருந்தொகையாயின் சட்டத்தரணியைக் கேளுங்கள். வசதி குறைந்தோருக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இளைஞர்களே! நமது பள்ளிப் படிப்புக்கு இங்கே வேலை இருக்கிறது. பாட்டி கைநாட்டு வைக்குமுன், தாள் தமிழில் இருந்தாலும் சிங்களத்தில் இருந்தாலும், ஒரு வரி விடாமல் வாசித்துப் பொருள் சொல்லுங்கள். விளங்கவில்லை என்றால், "நாளைக்கு வைக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுங்கள். கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் ஈட்டிய காசு அது. ஒரு நாள் பொறுத்தால் குறைந்துவிடாது.