தோலைக் காக்கும் பழக்கங்கள்
(கிராம மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வளர்ந்த ஒருவருடைய தோலின் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். வெயில், புழுதி, கிருமி ஆகியவை உடலுக்குள் புகாமல் தடுக்கும் வேலி அது. பயிருக்கு வேலி கட்டத் தவறாத நாம், இவ்வேலியை நம் கையாலேயே பிரித்துவிடுகிறோம். நாள்தோறும் நாம் செய்யும் சில செயல்களே இதற்குக் காரணமாகும்.

நடவு முடிந்து வீடு திரும்பியதும் ஈர உடையோடு அடுப்பங்கரைக்குச் செல்கிறோம். ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை எளிதில் பற்றும். அது ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது. ஒருவர் துவட்டிய துண்டை மற்றவர் பயன்படுத்தினால் வீடு முழுவதும் பரவிவிடும். ஆகவே வந்தவுடன் உடை மாற்றி, உடலை நன்கு துவட்டுங்கள். ஆளுக்கொரு துண்டு இருக்கட்டும். துணிகளை உட்புறம் வெளியே தெரியுமாறு புரட்டி வெயிலில் உலர்த்துங்கள்.

பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கி முடிவதும் தீங்கே. தோல் கறுத்துத் தடித்துப் புண்ணாகும். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண், அரிதாகப் புற்றுநோயாக மாறியதும் உண்டு. அகலமான பட்டை தைத்துக்கொண்டு தளர்த்திக் கட்டுதல் நலம்.

துணி துவைக்கும் சோப்பால் குளிப்பதும், செங்கல்லால் தேய்ப்பதும், கைக்கறையை மண்ணெண்ணெயால் போக்குவதும் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை நீக்கிவிடும். பிறகு வறட்சியும் வெடிப்பும் தோன்றும். மசிக்கறைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, மென்மையான சோப்பால் கழுவினால் போதும்.

இனி மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். அரிப்புக் கண்டதும் மருந்துக் கடையில் "ஒரு களிம்பு கொடுங்கள்" என்று வாங்குகிறோம். இவ்வாறு கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய சில நாட்களில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். பூஞ்சணம் மட்டும் அழியாது உள்ளே பரவும். களிம்பை நிறுத்தியதும் முன்னினும் மிகுதியாக வெளிப்படும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளவுபடும், அவ்வரிகள் மறைவதில்லை. முகம் வெளுக்க வேண்டி இதனைப் பூசும் இளம்பெண்களுக்குப் பருக்களும் சிவப்பும் உண்டாகின்றன. ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் விதித்துள்ளது. சட்டம் இருந்தாலும், கேட்டு வாங்கும் நம் பழக்கம் மாறினால்தான் பயன் உண்டு. வைத்தியர் தரும் மருந்தை, படை மறைந்துவிட்டது என்று இடையில் விடாமல், அவர் சொன்ன நாள் வரையில் பயன்படுத்த வேண்டும். வீட்டில் வேறு எவருக்கேனும் படை இருந்தால் அவரும் உடன் சிகிச்சை பெற வேண்டும்.

இன்னொன்று. வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அவ்விடத்தில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. நோய் முற்றிலும் குணமாகும். காலந்தாழ்த்தினால் நரம்பு கெட்டுக் கைகால்கள் ஊனமுறும். வெட்கம் பாராமல் உடனே சென்று காட்டுங்கள்.

இன்று வீடு திரும்பியதும், அலமாரியில் உள்ள களிம்புகளை எடுத்து வையுங்கள். வைத்தியர் எழுதித் தராத எதனையும் இனிப் பூசாதீர்கள். அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குச் செல்லும்போது அவற்றைக் கொண்டுபோய்க் காட்டி விவரம் கேளுங்கள்.