அறளை பெயர்ந்தோருக்கு ஒரு பழைய ஆனையிறவு



பொழுதுபடும் நேரத்தில் முதியவர் ஒருவர் தம் சொந்த விறாந்தையில் இருந்துகொண்டே, "என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ" என்று கேட்பார். "இதுதானே வீடு, அப்பு" என்று மகன் எத்தனை முறை சொன்னாலும் அவர் மனம் ஆறாது. "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். வைத்தியர்களோ இதனை மறதிநோய் என்கின்றனர். முதுமை எய்தியோர் எல்லாருக்கும் இது வருவதில்லை. மூளையின் கலங்கள் சிதைவதனால் உண்டாவது இது. 1906 ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோயே இதற்கு முதன்மையான காரணம். இன்று உலகில் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோர் மறதிநோயுடன் வாழ்கின்றனர்.

இந்நோயில் பெரும்பாலும் அண்மைக்கால ஞாபகங்களே முதலில் அழிகின்றன. காலையில் உண்டது மறந்துபோம். இளமையில் நடந்த பாதை நெடுநாள் நிற்கும். ஆகவே அவர் தேடும் வீடு பெரும்பாலும் அவருடைய இளமைக்கால வீடேயாம். பழைய படங்களையும் பாட்டுக்களையும் கொண்டு இத்தகையோரைப் பேசச் செய்வதை நினைவுமீட்டல் என்பர்.

அம்முறையின் புதிய கருவியே மெய்நிகர்க் காட்சி. கண்களை மூடும் ஒரு கவசத்தை அணிந்து தலையைத் திருப்பினால், காட்சியும் உடன் திரும்பும்; பார்ப்பவர் அவ்விடத்திலேயே நிற்பதாக உணர்வார். பிரித்தானியாவில் 2018 ஆம் ஆண்டில் 'வேபாக்' என்னும் படத்தை இதற்கெனவே ஆக்கினர். 1953 ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவன்று நடந்த தெருவிருந்தை நடிகர்களைக் கொண்டு அதில் மீண்டும் அமைத்திருந்தனர். அட்டையாலான கவசத்தினுள் கைத்தொலைபேசியைப் பொருத்தியே அதனைப் பார்க்கலாம்.

ஆங்கிலேயத் தெருவிருந்து நம்மூர் அப்புவுக்கு என்ன செய்யும்? அவருக்கு வேண்டியவை உப்பளத்துப் பாத்திகள், வெயிலில் மின்னும் உப்புக் குவியல்கள், 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி கடல்நீரேரியைக் கடக்கும் ஓசை. வேறு ஊராயின் அவரைக் கைப்பிடித்துப் பழைய இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். நமக்கோ அவ்வழி அரிது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது; 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளின் போர்கள் இம்மண்ணின் முகத்தையே மாற்றின. 2014 இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. எனினும் அது கடந்து செல்வது பழைய ஆனையிறவையன்று. அதனால் இக்கருவியின் தேவை பிற ஊர்களைவிட நமக்கே மிகுதி.

ஆபத்தும் நமக்கே மிகுதி. ஆனையிறவு என்ற சொல் ஒருவருக்கு உப்பை நினைவூட்டும். மற்றொருவருக்கு எறிகணையையும் இழந்த பிள்ளையையும் நினைவூட்டும். மறதிநோயாளருக்கு, "இது வெறும் படம்" என்று சொல்லி விளங்கவைப்பதும் எளிதன்று. ஆகையால் கதிரையில் இருத்தி, உற்றவர் ஒருவர் கையைப் பிடித்திருக்க, சில நிமிடங்களே காட்டவேண்டும். முகம் வாடினால் உடனே கவசத்தைக் கழற்றிவிடவேண்டும். இது நோயைத் தீர்க்கும் மருந்துமன்று. நினைவுமீட்டலால் ஆராய்ச்சியாளர் கண்ட பயன் சிறியது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஆயினும், பேச்சற்றிருந்த ஒருவர் பேரப்பிள்ளைக்கு உப்பு அள்ளிய கதையைச் சொல்வாராயின், அந்த ஒரு மாலைப்பொழுது அக்குடும்பத்துக்குச் சிறிதாகுமா?

வாலிபர்களாகிய நாம் இயந்திரத்துக்குப் பணம் சேர்க்குமுன் நினைவுகளைச் சேர்ப்போமாக. உப்பளத்தில் உழைத்தோர், புகையிரத நிலையத்தில் கடமை செய்தோர் ஆகியோரின் குரல்களையும், பெட்டிகளில் எஞ்சிய படங்களையும் இப்போதே பதிந்து வைப்போம். சொல்லவல்லவர் மறைந்தபின் எந்தக் கவசமும் வெறும் கவசமே.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் ஞாபகம் தெளிவாயிருக்கும் இக்காலத்திலேயே, பிற்காலத்தில் உங்களுக்கு எதைக் காட்டவேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லுங்கள். எதை ஒருபோதும் காட்டக்கூடாது என்பதையும் அத்துடன் சொல்லி வையுங்கள். இரண்டையும் காப்பது எங்கள் கடமை.