ஷேக்ஸ்பியர் வீட்டுப் பிள்ளை



இங்கிலாந்தில் ஏவான் ஆற்றங்கரையில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்றொரு ஊர். அங்கே உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பழைய பதிவேட்டில், 1585ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி இரட்டைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு ஹாம்நெட் என்று பெயர், பெண் பிள்ளைக்கு ஜூடித். அதே பதிவேட்டில் 1596ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, வில்லியம் ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்நெட் அடக்கம் செய்யப்பட்டதாக இன்னொரு வரி. பையனுக்கு வயது 11. என்ன நோய், எத்தனை நாள் கிடந்தான், தகப்பனார் பக்கத்தில் இருந்தாரா, தாய் எப்படித் தாங்கினாள்? எதற்கும் பதில் கிடையாது. மகனின் சாவைப் பற்றி ஷேக்ஸ்பியர் எழுதிய கடிதம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நான்கைந்து ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய நாடகத்துக்கு 'ஹாம்லெட்' என்று பெயர். அந்தக் காலத்து ஸ்ட்ராட்ஃபோர்டில் ஹாம்நெட், ஹாம்லெட் இரண்டும் ஒரே பெயராகத்தான் புழங்கின.

பதிவேட்டின் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த வாழ்க்கையை நாவலாக எழுதியிருக்கிறார் மேகி ஓ'ஃபாரல். வட அயர்லாந்தில் பிறந்தவர். 'ஹாம்நெட்' என்ற அந்த நாவல் 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில், பெண்கள் ஆங்கிலத்தில் எழுதும் நாவல்களுக்காக வழங்கப்படும் விமன்ஸ் பிரைஸ் பரிசையும் பெற்றது. பெரிய எழுத்தாளர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றிய சரித்திர நாவலை எப்படி ரசிப்பது என்று பேச வந்திருக்கிற எனக்கு, இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

இப்படிப்பட்ட நாவலைக் கையில் எடுக்கும்போது நம் எல்லோருக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். அந்த மேதை எப்படி எழுதினார், எந்தச் சம்பவம் எந்தப் படைப்பானது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அது. வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் அவருக்குத் துணைப் பாத்திரங்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். ஓ'ஃபாரல் அந்த எதிர்பார்ப்பை முதலிலேயே மாற்றிவிடுகிறார். நாவல் முழுக்க ஷேக்ஸ்பியர் என்ற பெயர் ஒரு இடத்திலும் வருவதில்லை. அந்த மனிதர் சில இடங்களில் லத்தீன் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், சில இடங்களில் கையுறை வியாபாரியின் மூத்த மகன், பிறகு கணவர், பிறகு தகப்பன். அவ்வளவுதான். பெயரை எடுத்துவிட்டதும் அதோடு ஒட்டியிருந்த நானூறு ஆண்டுப் புகழும் விலகிக்கொள்கிறது. கடன்பட்ட வீட்டில், முரட்டு அப்பாவிடம் அடிவாங்கி வளர்ந்த ஓர் இளைஞனைத்தான் நாம் பார்க்கிறோம்.

அந்த அப்பா ஜான், ஊரறிந்த மனிதர். ஹென்லி தெருவில் கையுறை தைத்து விற்றவர். 1552இல் தெருவில் குப்பைமேடு போட்டதற்காக அபராதம் கட்டியவர், 1568இல் அந்த ஊரின் நகரத் தலைவராகவே ஆனார். பிறகு வியாபாரம் நொடித்து, கடன் ஏறி, தலை நிமிர முடியாமல் போனது. இவ்வளவும் ஆவணங்களில் இருக்கிற சங்கதி. நாவல் அந்த வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பிற்பகல். ஹாம்நெட் மாடிப்படி இறங்கி வருகிறான். தங்கை ஜூடித்துக்குக் காய்ச்சல் அடிக்கிறது. பெரியவர்கள் யாராவது வேண்டும். அறை அறையாகத் தேடுகிறான், கூப்பிடுகிறான், யாரும் இல்லை. கடைசியில் அகப்படுகிறவர் தாத்தா மட்டும். அவரும் கோபத்தில் பேரனைக் காயப்படுத்தி அனுப்புகிறார். தாய் ஒரு மைல் தள்ளித் தோட்டத்தில் தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தகப்பனோ சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், லண்டனில். அந்தப் பிள்ளையின் தவிப்பு நம்மைத் தொற்றிக்கொள்ள முதல் சில பக்கங்களே போதும்.

தாய்க்கு நாவலில் ஆக்னெஸ் என்று பெயர். உலகம் அவளை ஆன் ஹாத்வே என்று அறியும். ஆனால் 1581இல் எழுதப்பட்ட அவளுடைய தந்தையின் உயிலில் ஆக்னெஸ் என்றே இருக்கிறது. நாவலாசிரியர் அதை எடுத்துக்கொண்டார். 1582 நவம்பரில் திருமணம் நடந்தபோது மாப்பிள்ளைக்கு 18 வயது, பெண்ணுக்கு 26. அப்போதே அவள் கர்ப்பிணி. மூத்த மகள் சூசன்னா அடுத்த ஆண்டு மே மாதம் பிறந்தாள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பின்னால் வந்த எத்தனையோ பேர், சின்னப் பையனை மடக்கிப் போட்டவள் என்று அவளை ஏசினார்கள். உயிலில் தம்முடைய இரண்டாம் தரக் கட்டிலை மனைவிக்கு எழுதிவைத்தார் ஷேக்ஸ்பியர். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மனைவி மேல் பிரியமே இல்லை என்று தீர்ப்பும் சொன்னார்கள். 2007இல் ஜெர்மேன் கிரீர், ஷேக்ஸ்பியரின் மனைவியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அந்தத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். ஆராய்ச்சி தொட்டுவிட்டு நின்ற இடத்திலிருந்து நாவல் தொடங்குகிறது. ஓ'ஃபாரலின் ஆக்னெஸ் மூலிகை அறிந்தவள், கெஸ்ட்ரல் என்ற சிறிய வல்லூறைக் கையில் ஏந்தித் திரிபவள், ஊரார் தம் உடல்நோவைச் சொல்லித் தேடி வருகிற பெண். ஒருவரின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை அழுத்திப் பிடித்தால் போதும், அவருடைய மனசுக்குள் இருப்பது அவளுக்குப் புலப்பட்டுவிடும். லண்டனுக்குப் போ, இந்த வீட்டில் இருந்தால் நீ உருப்படமாட்டாய் என்று கணவனுக்கு வழி திறந்துவிடுபவளும் அவளே. இதெல்லாம் கற்பனைதான். ஆனால் கணவனின் நிழலிலேயே நிறுத்திவைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கையும் காலும் அறிவும் கோபமும் கிடைப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் நிஜமானது.

இந்த நாவலில் என்னை மிகவும் வியக்கவைத்த இடம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜூடித்துக்கு வந்தது பிளேக். அது எப்படி அந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தது? அதற்காகவே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். வெனிஸ் பக்கத்து முரானோ தீவில் கண்ணாடி மணி செய்கிற கைவினைஞர் ஒருவர், ஒரு கணம் கவனம் சிதறி விரல்களைச் சுட்டுக்கொள்கிறார். அதனால் மணிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை வேறொருவர் கைக்குப் போகிறது. அவர் வழக்கமான மரத்தூளுக்கும் மணலுக்கும் பதிலாகக் கந்தல் துணியை வைத்துக் கட்டிவிடுகிறார். இன்னொரு பக்கம், அலெக்சாந்திரியா துறைமுகத்தில் ஒரு குரங்கு. கரைக்கு வந்த கப்பல் பையன் அதைப் பார்த்து மயங்கி நிற்க, குரங்கின் மேல் இருந்த தெள்ளுப்பூச்சி ஒன்று அவன் மேல் தாவுகிறது. கப்பலில் பூனைகள் சாகின்றன, எலிகள் பெருகுகின்றன, மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். துறைமுகம் துறைமுகமாக வந்து, கந்தலுக்குள் ஒளிந்திருந்த பூச்சிகளோடு, அதே கப்பலில் ஏற்றப்பட்ட அந்த மணிப்பெட்டி ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு தையல்காரியின் வீட்டுக்கு வருகிறது. மணிகளைப் பார்க்கும் ஆவலில் பெட்டியைப் பிரிப்பவை ஜூடித்தின் கைகள்.

யாரும் தப்பு செய்யவில்லை. ஒருவர் விரலைச் சுட்டுக்கொண்டார், ஒரு பையன் குரங்கை ரசித்தான், ஒரு சிறுமி மணிக்கு ஆசைப்பட்டாள். உலக வணிகத்தின் பாதையிலேயே நோயும் பயணம் செய்தது. இந்த நாவல் வெளியானது 2020 மார்ச் கடைசியில், கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். நாவலை அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தார் ஓ'ஃபாரல். ஆனாலும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வாசகர்களுக்கு அந்த அத்தியாயம் தங்கள் கதையாகவே பட்டிருக்கும். நல்ல சரித்திர நாவலுக்கு உள்ள சக்தி இது. பழைய காலத்தைப் பேசும்போதே நம் காலத்தையும் தொட்டுவிடுகிறது.

பையன் இறந்துவிடுவான் என்பது நமக்கு முன்பே தெரியும், பதிவேடே சொல்லிவிட்டது. ஆனாலும் படிக்கும்போது, பிழைத்துக்கொள்ள மாட்டானா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. சாகக் கிடப்பவள் ஜூடித். இருவரும் அச்சில் வார்த்ததுபோல ஒரே சாயல். அவள் பக்கத்தில் போய்ப் படுத்து, சாவையே ஏமாற்றி, அவளுக்குப் பதில் தன்னைக் கொண்டுபோகச் சொல்கிறான் ஹாம்நெட். லண்டனில் இருக்கும் தகப்பனுக்குப் போன கடிதத்தில் மகளுக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் இருந்தது. அவர் ஓடோடி வந்து, மகள் உயிரோடு நிற்பதைப் பார்த்து மலர்கிறார். பிறகுதான் திரும்பி, அங்கே கிடத்தப்பட்டிருப்பது யார் என்று பார்க்கிறார். நாவலில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோன பக்கம் அது.

துக்கம் அந்த வீட்டில் மனைவியையும் கணவனையும் இரண்டு விதமாகப் பிடித்துக்கொள்கிறது. அவள் எழுந்திருக்க மாட்டாமல் கிடக்கிறாள். அவர் லண்டனுக்கே திரும்பிப்போய் வேலையில் தலையைக் கொடுக்கிறார். சில ஆண்டுகள் கழித்து, மகனின் பெயரைத் தலைப்பாகத் தாங்கிய நாடக விளம்பரத் தாள் ஆக்னெஸின் கைக்கு வருகிறது. என் பிள்ளையின் பெயரை ஊர் கூடிப் பார்க்கிற வேடிக்கைக்கு எப்படிக் கொடுத்தாய் என்ற ஆத்திரத்தோடு அவள் லண்டனுக்குப் புறப்படுகிறாள். மேடையில் அவள் என்ன பார்த்தாள் என்பதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 'ஹாம்லெட்' நாடகத்தில் செத்துப்போனவர் தகப்பன், உயிரோடு இருப்பவன் மகன். ஆவியாக வரும் அந்தத் தகப்பனின் வேஷத்தை ஷேக்ஸ்பியரே கட்டினார் என்ற செய்தியை, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய நிக்கலஸ் ரோ 1709இல் எழுதிவைத்தார். இந்தச் செய்தியையும் பதிவேட்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாவலின் கடைசிக் காட்சி எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்பது விளங்கும்.

இந்த இடத்தில் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும். இப்படிக் கற்பனையைக் கலந்து எழுதினால் சரித்திரம் கெட்டுப்போகாதா? நியாயமான கேள்வி. ஹாம்நெட் பிளேக்கில் இறந்தான் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அதை ஓ'ஃபாரலே நூலின் குறிப்பில் சொல்லிவிடுகிறார். ஆவணம் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று வாசகருக்கு ஒளிக்காமல் சொல்கிற நாவலாசிரியர் சரித்திரத்துக்குத் துரோகம் செய்வதில்லை. நாமும் அந்த எல்லைக்கோட்டைத் தெரிந்துகொண்டு படித்தால் ரசனை குறையாது, கூடவே செய்யும். என் அனுபவத்தில், நாவலைப் படித்து முடித்த பிறகு அந்தக் குடும்பத்தின் ஆவணங்களைத் தேடிப் பார்ப்பது தனி இன்பம்.

அப்படித் தேடினால் ஜூடித்தின் பிற்கால வாழ்க்கை கண்ணில் படும். பிழைத்த அந்தப் பெண் 1662 வரை, 77 வயது வரை வாழ்ந்தாள். உலகம் போற்றும் எழுத்தாளரின் மகள், ஓர் ஆவணத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் மட்டும் போட்டிருக்கிறாள். தன் முதல் பிள்ளைக்கு ஷேக்ஸ்பியர் என்றே பெயர் வைத்தாள். அது குழந்தையிலேயே போய்விட்டது. மற்ற இரண்டு மகன்களையும் 1639ஆம் ஆண்டு ஒருசேரப் பறிகொடுத்தாள். சூசன்னாவின் மகள் எலிசபெத் 1670இல் இறந்ததோடு ஷேக்ஸ்பியரின் நேர் வாரிசு அற்றுப்போனது. நாவலில் மணிப்பெட்டியைப் பிரித்த சிறுமியைத் தெரிந்துகொண்ட பிறகு படித்தால், இந்த வறண்ட தேதிகள்கூட நெஞ்சைப் பிசைகின்றன.

இந்தக் கதை 2023இல் ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவின் மேடையேறியது. லோலிதா சக்கரவர்த்தி நாடகமாக்கினார். 2025இல் குளோயி ஜாவ் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. அவற்றைப் பாருங்கள். ஆனால் நாவலை முதலில் படியுங்கள். அந்த வீட்டின் வாசனையும் சந்தடியும் மௌனமும் சொற்களில்தான் முழுசாக இருக்கின்றன. அதோடு, 'ஹாம்லெட்' நாடகத்தையும் கையோடு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நாவலை முடித்த கையோடு அதில் ஆவி வரும் காட்சிகளைப் படித்தால், பழிவாங்கச் சொல்லும் ஓர் அரசனின் குரலுக்கு அடியில், பிள்ளையிடம் பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தைக் கைவிட மனமில்லாத ஒரு தகப்பனின் குரலும் கேட்கும்.

பெரிய எழுத்தாளர் ஒருவரின் பின்னால் சமைத்தவர்கள், பெற்றவர்கள், காத்திருந்தவர்கள், இழந்தவர்கள் இருக்கிறார்கள். சரித்திரம் அவர்களுக்கு ஒரு வரி தருகிறது, நல்ல நாவல் ஒரு வாழ்க்கையைத் தருகிறது. அவர்களை அறிந்துகொள்வதால் அந்த எழுத்தாளரின் மேதைமை ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. அது எத்தனை பேர் கொடுத்த விலையில் விளைந்தது என்ற நன்றியுணர்வுதான் நமக்குக் கூடுகிறது.