பழைய இரும்பிலிருந்து ஒரு ஸ்பீட்ஸ்டர்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது செயலாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஆபீஸ் கதை வேணாம்ப்பா. அந்த ஓட்டைக் காரைப் பத்திப் பேசு" என்றார். அந்த ஓட்டைக் கார் இப்போது வெளியே மரத்தடியில் நிற்கிறது. ஓட்டிக் கொண்டு வரவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டு வந்தேன். ஏன் ஓட்டி வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ஸ்பீட்ஸ்டர் என்றால் என்ன? 1908 முதல் 1927 வரை ஃபோர்டு கம்பெனி 'மாடல் டி' என்ற காரை ஒன்றரைக் கோடி வரை செய்து தள்ளியது. நாலு சிலிண்டர், 2.9 லிட்டர், 20 குதிரைச் சக்தி. புதுசே மலிவு, பழசானால் இன்னும் மலிவு. அமெரிக்காவில் கையில் காசில்லாத இளைஞர்கள் அந்தப் பழைய காரை வாங்கி, கூரை, கதவு, பின் சீட்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். இரண்டு சின்ன சீட்டைத் தரையோடு தாழ்த்தி வைத்தார்கள். ஸ்டியரிங் தண்டைச் சாய்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு உருளை பெட்ரோல் டேங்க். எடை குறைந்தது, வேகம் கூடியது. அதுதான் ஸ்பீட்ஸ்டர். இதில் ஒரு வேடிக்கை: ஃபோர்டு இஞ்சினுக்கு 'ஃபிரான்டினாக்' என்ற பெயரில் வேகம் கூட்டும் சிலிண்டர் ஹெட் செய்து விற்றவர்கள் ஷெவர்லே சகோதரர்கள்!

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம்ம ஊரிலும் சேஸிஸ் கப்பலில் வரும், மேல்பாடியை இங்கே கட்டுவார்கள். குதிரை வண்டி கட்டிய சிம்ப்சன் கம்பெனியில் 1903-லேயே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். சென்னையில் எம்.சி.-1 என்ற முதல் நம்பர் யார் காருக்குப் போனது தெரியுமா? துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு. கணித மேதை ராமானுஜன் குமாஸ்தாவாக வேலை பார்த்தாரே, அதே துறைமுகம். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை அசெம்பிள் செய்தது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. ஆக, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள தெருக்களில் இஞ்சின் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

என் கதை ஒரு ஐஸ் பாக்டரியில் ஆரம்பிக்கிறது. காசிமேட்டில் வேலை விஷயமாகப் போனபோது, மூலையில் சாக்கு போர்த்தி ஒரு இஞ்சின் கிடந்தது. ஒரு காலத்தில் தண்ணீர் இறைக்க ஓட்டினார்களாம். சாக்கை விலக்கினால் ஃபோர்டு என்ற எழுத்து. நம்பர் 'சி' எழுத்தில் தொடங்கியது, அதாவது கனடா ஃபோர்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் நம்ம நாட்டுக்கு மாடல் டி கார்கள் அங்கிருந்துதான் வந்தன. எடை போட்டு, பழைய இரும்பு விலைக்கே கொடுத்தார்கள்.

பிறகு நாலு வருஷம் தேடினேன். சேஸிஸ் பிரேம் திருவொற்றியூரில் ஒரு மர வாடியில் கூரைக்கு உத்தரமாக இருந்தது. புது இரும்பு உத்தரம் போட்டுக் கொடுத்துவிட்டு இதை இறக்கினேன். முன் அச்சும் குறுக்கு வில்லும் ஒரு மீன் வண்டிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தன. பின் அச்சு மட்டும் புதுப்பேட்டை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முழுசாக இருந்த எந்தக் காரையும் நான் உடைக்கவில்லை. ஒருவர் கூரையோடு இருந்த ஒரு நல்ல டூரிங் காரைக் காட்டி, "இதை அறுத்தா ஆறே மாசத்துல உன் ஸ்பீட்ஸ்டர் ரெடி" என்றார். முழுக் காரை அறுத்தால் ஒரு கார் போய்விட்டது என்று அர்த்தம். அநாதையாகக் கிடக்கும் பாகங்களைச் சேர்த்தால்தான் ஒரு கார் கூடுகிறது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கிடைக்காததைச் செய்தோம். சக்கரத்துக்குப் பன்னிரண்டு ஆரக்கால். காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரி கருவேல மரத்தில் இழைத்துக் கொடுத்தார். அலுமினியத் தகட்டில் பாடி அடித்தவர் ராயபுரத்தில் டிங்கரிங் வேலை செய்பவர். அவரிடம் டிராயிங் நீட்டினேன். "இது வேணாம் சார், நீங்க உக்காருங்க" என்று என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்காலுக்கும் முழங்கைக்கும் சாக்பீஸில் கோடு போட்டார். சீட்டு அச்சாக உட்கார்ந்தது.

உண்மையான சோதனை பேரிங்கில் வந்தது. இந்த இஞ்சினில் கடையில் வாங்கி மாட்டுகிற ஷெல் பேரிங் கிடையாது. ஒயிட் மெட்டலை, அதாவது பெரும்பங்கு வெள்ளீயமும் கொஞ்சம் ஆண்டிமனியும் செம்பும் சேர்ந்த கலவையை, உருக்கி ஊற்றிக் கடைந்தெடுக்க வேண்டும். லாஞ்சு இஞ்சின்களுக்கு அந்த வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் ராயபுரத்தில் இருக்கிறார் என்றார்கள். வயது எழுபதைத் தாண்டியவர். வேலையை விட்டுப் பல வருஷம். போய்க் கேட்டேன். "ஊத்தறது நான் இல்ல, நீ. நான் பக்கத்துல நிப்பேன்" என்றார்.

கனெக்டிங் ராடைச் சுத்தம் செய்து ஈயம் பூச வேண்டும். பிறகு சூடேற்ற வேண்டும். ஈரம் இருந்தால் உலோகம் முகத்தில் தெறிக்கும். அச்சுக்குப் புகைக்கரி பிடிக்க வேண்டும். ஊற்ற ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. ஆறிய பிறகு மேஸ்திரி ஒவ்வொரு ராடையும் கயிற்றில் தொங்கவிட்டு, சின்ன சுத்தியலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். மூன்று மணி மாதிரி ஒலித்தன. நாலாவதைத் தட்டிவிட்டு முகம் சுளித்தார்.

"தம்பி, இது புடிக்கல. செத்த சத்தம் வருது. உருக்கிட்டு மறுபடி ஊத்து."

எனக்கு அவசரம். அடுத்த ஞாயிறு நண்பர்களை வரச்சொல்லி இருந்தேன். மைக்ரோமீட்டரில் அளவு சரியாக இருந்தது. "அளவெல்லாம் கரெக்டா இருக்கு மேஸ்திரி" என்று சொல்லி மாட்டிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு குடோன் வளாகத்துக்குள் ஓட்டினோம். இந்தக் காருக்கு மூன்று பெடல். இடது பெடலை அழுத்தினால் முதல் கியர், விட்டால் டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்ஸிலேட்டர் கையில். பழகுவதற்குள் இரண்டு முறை சுவரை முத்தமிடப் பார்த்தேன். ஐந்தாவது சுற்றில் 'டக் டக்' என்று சத்தம். நிறுத்தி அடிமூடியைக் கழற்றினால், ஆயிலில் வெள்ளி மாதிரி துகள்கள். நாலாவது ராடு! உலோகம் இரும்பைப் பிடிக்காமல் செதிலாக உரிந்திருந்தது. கிராங்கிலும் கீறல்.

மைக்ரோமீட்டர் அளவைச் சொல்லும், பிடிப்பைச் சொல்லாது. அதைச் சொன்ன காதை நான் மதிக்கவில்லை. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். "கிராங்க எடுத்துட்டு வா" என்றார், அவ்வளவுதான். மறுபடி முழுவதும் செய்ய எட்டு மாதம் ஆனது. இந்த முறை நாலும் மணி மாதிரி ஒலித்தன.

இப்போது லாரிக் கதை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டி, அசல் நிலையிலேயே, சேஸிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் தருவார்கள். என் வண்டி அதில் வராது. பல வண்டிகளின் மிச்சம் அது. பாடி போன வருஷம் அடித்தது. புரோக்கர் ஒருவர் வந்தார். எங்கேயோ செத்துப்போன ஃபோர்டு ஒன்றின் ஆர்.சி. புத்தகம் அவரிடம் இருந்தது. "நம்பரைப் பிரேம்ல குத்திடலாம் சார், யாருக்குத் தெரியும்?" என்றார்.

ஒரு ராத்திரி முழுக்க ஆசை விடவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கடற்காற்றில் ஓட்டுவதை மனசில் ஓட்டிப் பார்த்தேன். காலையில் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பிரேமை விரலால் தட்டினார். "அந்த நம்பரக் குத்துனா இதுவும் செத்த சத்தம்தான் குடுக்கும்" என்றார்.

புரோக்கரை அனுப்பிவிட்டேன். அதற்குப் பதிலாக டேஷ்போர்டில் ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கிறேன். எது பழசு, எது புதுசு, எது எங்கே கிடைத்தது, யார் செய்தார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. வெளியே போகும்போது படித்துப் பாருங்கள். பொதுச் சாலையில் ஓடாவிட்டாலும், பொய் சொல்லாமல் நிற்கிற வண்டி அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம ஒர்க் ஷாப்பில் நாம் படித்த வார்ப்படப் பகுதி இன்று பூட்டிக் கிடக்கிறது. மேஸ்திரி இரண்டு சனிக்கிழமை வந்து பையன்களுக்கு ஒயிட் மெட்டல் ஊற்றக் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுப்புக்கும் உலோகத்துக்கும் சங்கம் செலவு செய்ய வேண்டும். ஆலைகளில் பொறுப்பில் இருக்கும் மூத்தவர்கள், ஓய்வு பெறப் போகிற ஒரு கைத்தொழிலாளியையாவது இங்கே அழைத்து வாருங்கள். பாகம் தொலைந்தால் நாலு வருஷம் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் காது தொலைந்தால் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்காது.

மேஸ்திரி மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வளாகத்துக்குள் வண்டியை ஒரு சுற்று ஓட்ட முதல்வர் அனுமதி தந்திருக்கிறார். பக்கத்து சீட்டு அவருக்கு. மற்றவர்கள் வரிசையில் வரவும்.