கொரியாவிலே சீனர் போசனசாலை

கொரிய நாட்டில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் நாளிலே குடும்பங்கள் நெடுங்காலமாக நாடிச் சென்ற இடம் ஒன்றுண்டு. அது சீனர் போசனசாலை. பாட்டனார் முதற் பேரப்பிள்ளை ஈறாக யாவரும் ஒரே மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஆளுக்கொரு கிண்ணம் வந்து சேரும். வெண்ணிற நூடில்சின் மேலே கரிய குழம்பு பளபளக்கும். ஜாஜாங்மியோன் என்பது அதன் பெயர்.

அக்குழம்புக்கு உயிர் கொடுப்பது சுஞ்சாங் என்னும் கரும்பசை. சோயா அவரையையும் கோதுமை மாவையும் புளிக்கவைத்து, கருக்கிய சீனிப்பாகு சேர்த்து ஆக்கப்படுவது அது. அதனை எண்ணெயிலே வதக்கி, பன்றியிறைச்சியும் வெங்காயமும் இட்டு, மாக்கரைசல் விட்டுத் தடிக்கச் செய்வர். உண்பவர் முதலில் நன்றாகக் கிளறவேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தாய்மார் கிளறிக் கொடுப்பர். பக்கத்திலே மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும் பச்சை வெங்காயமும் இருக்கும். மேசை நடுவே, மாவில் தோய்த்துப் பொரித்து இனிப்புப் புளிப்புப் பாகுடன் பரிமாறும் இறைச்சி எல்லோர்க்கும் பொது. உறைப்பை விரும்புவோர் கடலுணவு சேர்ந்த ஜாம்போங் என்னும் சிவந்த நூடில்ஸ் கேட்பர். இரண்டையும் விட மனமில்லாதோர்க்கென நடுவே தடுப்பிட்ட கிண்ணமும் வழக்கில் வந்துள்ளது!

இவ்வுணவு வந்த வரலாறு, கடல் கடந்து வந்த ஒரு மக்களின் வரலாறாகும். 1883 ஆம் ஆண்டில் இஞ்சொன் துறைமுகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே அங்கு சீனர்க்கென ஒரு பகுதி வகுக்கப்பட்டது. மஞ்சட் கடலின் எதிர்க்கரையிலுள்ள ஷாந்துங் மாகாணத்தினின்று வணிகரும் தொழிலாளரும் வந்தனர். தம் ஊர் நூடில்சையும் உடன் கொணர்ந்தனர். 1953 இல் கொரியப் போர் ஓய்ந்தபின், அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மா பெருகிற்று. அரிசி போதாமையால் அரசாங்கமும் மாவுணவை ஊக்கியது. எளியோரும் கொண்டாடத்தக்க விருந்தாயிற்று ஜாஜாங்மியோன்.

ஆயினும், அவ்விருந்தைச் சமைத்தவர் நிலை வேறு. கொரியாவிலே பிறந்து வளர்ந்த சீனரும் அயல்நாட்டவராகவே எண்ணப்பட்டனர். 1961 இல் வந்த சட்டம் அயல்நாட்டவர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. கடையை விரிவாக்கவும் வழியின்றிப் பலர் தைவானுக்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தனர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே அவர்கள் திறந்த கடைகளில், தாய்நாட்டை நினைந்த கொரியக் குடும்பங்கள் அதே கரிய குழம்பைத் தேடி வந்தமர்ந்தன. நிலக் கட்டுப்பாடு 1998 இலேதான் தளர்ந்தது. நிரந்தர வதிவுரிமை 2002 இல் கிடைத்தது.

இஞ்சொனிலே புகழ்பெற்று விளங்கிய கொங்வாச்சுன் என்னும் சீனர் போசனசாலை 1983 இல் மூடப்பட்டது. அதன் பழைய கட்டடத்தில் 2012 இல் ஜாஜாங்மியோன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஓர் உணவைத் தன்னதாக ஏற்க ஒரு நாட்டுக்கு அதிக காலம் செல்வதில்லை. அதை ஆக்கியவரை ஏற்கவோ நூறாண்டுக்கு மேலாயிற்று. குடும்பத்தோடு கூடியிருந்து உண்ணும் இன்பவேளையில், அடுக்களையில் நிற்பவர் எவர் என்று எண்ணிப் பார்ப்பதும் தகும்.