பல் அடைப்பும் அதன் விளிம்பும்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர்க்குப் பல்வலி வந்தால் தொல்லை இரண்டு. வலி ஒன்று, அதனை அயல்மொழியில் டாக்டரிடம் எடுத்துரைப்பது மற்றொன்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கே அந்நேரத்தில் சொல் அகப்படவில்லை. "எதைக் கொண்டு அடைக்கலாம்?" என்று அவர் கேட்க, "வெள்ளையாக இருந்தால் போதும்" என்று சொல்லி வாயைத் திறந்தோம். மூன்றாம் ஆண்டில் அப்பல்லையே பறிகொடுத்தோம். கேட்டிருக்க வேண்டியது நிறத்தைப் பற்றியன்று, விளிம்பைப் பற்றி.

அடைப்புக்கும் பல்லுக்கும் இடையே மயிரிழையினும் நுண்ணிய இடைவெளி இருந்தால், உமிழ்நீரும் கிருமிகளும் அவ்வழியே புகுந்துவிடும். அடைப்பின் அடியிலேயே சொத்தை வளரும். மேலே ஒன்றும் தெரியாது.

இக்கசிவை ஆய்வுக்கூடங்களில் சோதிக்கிறார்கள். பிடுங்கிய பல்லை அடைத்து, 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாறி மாறி அமிழ்த்துவார்கள். குளிர்நீரும் சூடான காப்பியும் பருகும் நம் வாயின் நிலை அதுதானே! பின்னர்ச் சாயத்தில் ஊறவைத்து அறுத்துப் பார்த்தால், சாயம் சென்ற ஆழமே கசிவின் அளவு.

வெள்ளி, வெள்ளீயம், செம்பு இவற்றின் பொடியைப் பாதரசத்தில் குழைத்த ரசக்கலவை பல்லில் ஒட்டுவதில்லை. குழியின் வடிவமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே தொடக்கத்தில் கசியும். நாளடைவில் உலோகம் அரிக்கப்பட்டு உண்டாகும் பொருள்களே அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஆயினும் பாதரசத்தின் தீமை கருதி, சில விலக்குகள் தவிர, 2025 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தடை செய்துள்ளது.

வெள்ளை நிறக் காம்போசிட்டின் கதை நேர்மாறானது. எனாமலில் அமிலம் தடவினால் பிசின் நன்கு பற்றும் என்று அமெரிக்காவின் மைக்கேல் புவோனோகோர் 1955-இல் காட்டினார். அப்பிடிப்பு வலியது. ஆனால் இப்பொருள் இறுகும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். எனாமலுக்குக் கீழே ஈரமுள்ள டென்டினில் பிடிப்பு ஆண்டுகள் செல்லத் தளரும். வைக்கும்போது எச்சில் பட்டாலோ, தொடக்கத்திலேயே பழுது.

லண்டனில் வில்சன், கென்ட் என்னும் விஞ்ஞானிகள் 1972-இல் பல் மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர், பல்லிலுள்ள கால்சியத்தோடு இரசாயன முறையில் தானே பிணையும், ஃபுளோரைடையும் கசியவிடும். ஆனால் மெல்லும் விசையைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு.

எனவே எவ்விடத்திற்கும் ஏற்ற ஒரே பொருள் என்று ஒன்றில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: குழி ஈறுக்கடியில் இறங்கியிருக்கிறதா? ஈரம் படாமல் எவ்வாறு காப்பீர்கள்? விளிம்பைச் சோதிக்க மீண்டும் எப்போது வர வேண்டும்? எந்த மொழியில் கேட்டாலும் இம்மூன்றும் பல்லைக் காக்கும் கேள்விகள்.