நிரல் களஞ்சியத்தைச் சோதனைக் கூடத்தோடு இணைத்தல்
(வெள்ளி விழாவையொட்டிச் சடையங்குப்பத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கணினி நிரல் எழுதக் கற்று வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம் நேர்முகத் தேர்வில் இரு கேள்விகள் கேட்கப்படுகின்றன. “நீ எழுதிய நிரலை எங்கே வைத்திருக்கிறாய்? அது சரியாக இயங்குகிறது என்பதை எவ்வாறு அறிவாய்?” கல்லூரிப் பாடநூலில் இரண்டாவது கேள்விக்கு விரிவான விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆதலின் இன்று அதைப் பற்றியே பேச விழைகிறேன்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மோட்டார்த் தொழிற்சாலைகளில் உழைத்த பெரியவர்களுக்கு இது புதிதன்று. லேத்தில் கடைந்து இறக்கிய உருப்படியைக் கேஜ் வைத்துப் பார்த்த பின்னரே அடுத்த பிரிவுக்கு அனுப்புவார்கள். அளவு கூடினாலும் குறைந்தாலும் அது ஒதுக்கப்படும். கடைந்தவர் எந்தத் தெருவினர் என்று கேஜ் கேட்பதில்லை. ஆனால், யாரை லேத்தின் முன் நிறுத்துவது என்பதைக் கேஜ் தீர்மானிக்கவில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அது வேறோர் அறையில், வேறு கணக்குகளைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. நான் சொல்லப்போகும் கருவிக்கும் இவ்விரு தன்மைகளும் உண்டு.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயர், நாள், நேரம் ஆகியவற்றோடு பதிந்து வைக்கும் முறைகளுள் இன்று பெருவழக்காக உள்ளது ‘கிட்’. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதனை உருவாக்கினார். அம்முறையில் பதிந்த நிரல்களை இணையத்தில் வைத்துக் காக்கும் களஞ்சியமாக ‘கிட்ஹப்’ 2008இல் தோன்றியது. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதனை வாங்கியது. களஞ்சியம் காக்குமேயன்றி, நிரல் சரியா தவறா என்று தானாகச் சொல்லாது. அதற்குச் சோதனைக் கூடம் வேண்டும்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘சடையங்குப்பம்’ என்பதில் எத்தனை எழுத்துகள்? தொடக்கப்பள்ளிக் குழந்தையும் எட்டு என்று சொல்லிவிடும். கணினியோ பதின்மூன்று என்று சொல்லும். யூனிகோடு முறையில் ‘டை’ என்பது ட, ஐகாரக் குறி என இரண்டு. ‘ங்’ என்பது ங, புள்ளி என இரண்டு. விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குப் பன்னிரண்டு இடங்கள் மட்டும் ஒதுக்கிய ஒருவர் இதனை அறியாதிருந்தால், கடைசிப் புள்ளி வெட்டுண்டு ‘சடையங்குப்பம’ என்று அச்சாகும். ஊர்ப் பெயராயின் சிரித்துவிடலாம். சாதிச் சான்றிதழில் ஒரு பிள்ளையின் பெயர் இப்படிச் சிதைந்தால், அதைத் திருத்த எத்தனை நாள் கூலியை இழந்து அலைய வேண்டும் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலுக்கென்றே எழுந்த பணி ‘ஓப்பன் தமிழ்’. 2009இல் ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட முத்து அண்ணாமலை அவர்களும் தோழர்களும் வளர்த்த நிரல் தொகுப்பு அது. தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். ‘தமிழ்’ என்றால் ஐந்தன்று, மூன்று. இதன் களஞ்சியம் கிட்ஹபில் இருக்கிறது. அதனை ‘டிராவிஸ்’ என்னும் சோதனைக் கூடத்தோடு இணைத்திருந்தனர்.

இணைப்பு நிகழும் விதம் இது. நீங்கள் ஒரு மாற்றத்தைக் களஞ்சியத்திற்கு அனுப்பியவுடன், களஞ்சியம் சோதனைக் கூடத்திற்கு ஒரு செய்தி விடுக்கும்: இன்ன மாற்றம் வந்துள்ளது என்று. கூடம் அந்த நிரலைப் பெற்று, புதிய கணினிச் சூழலொன்றில் அமைத்து, நீங்கள் எழுதிவைத்த சோதனைகளை ஒவ்வொன்றாக இயக்கும். முடிவு களஞ்சியத்திற்குத் திரும்பி, உங்கள் மாற்றத்தின் அருகே பச்சை அல்லது சிவப்புக் குறியாய் நிற்கும். பச்சை வராத மாற்றத்தை முதன்மை நிரலோடு சேர்க்கலாகாது என்று பூட்டும் போடலாம். “என் கணினியில் சரியாகத்தானே ஓடியது” என்னும் பழைய சமாதானம் அங்கே செல்லாது.

சோதனையை ஒரே கட்டளையில் உங்கள் கணினியிலும் இயங்குமாறு எழுதுங்கள். கூடம் வாடகை வீடு போன்றது. டிராவிஸ் 2011இல் பெர்லினில் தொடங்கியது, 2019இல் கைமாறியது, பொது நிரல்களுக்கென அது நடத்திவந்த தளம் 2021 ஜூனில் மூடப்பட்டது. சோதனைகளைக் களஞ்சியத்திலேயே வைத்திருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிட்ஹபின் ‘ஆக்ஷன்ஸ்’ போன்ற வேறு கூடங்களுக்குச் சென்றனர். பொதுக் களஞ்சியங்களுக்கு ஆக்ஷன்ஸ் இன்று கட்டணமின்றிக் கிடைக்கிறது.

அடுத்தது சாவி. ஒரு தளம் மற்றொன்றினுள் நுழைய இரகசியச் சாவி தேவைப்படும். இதில்தான் இளைஞர்கள் அசட்டையாக இருக்கின்றனர். சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் வைப்பது, வீட்டுக் கதவிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அது நிற்கும்; ஆகவே அந்தச் சாவியையே செல்லாததாக்க வேண்டும். இரகசியங்களுக்கென உள்ள தனிப் பெட்டகத்தில் வைத்தாலும் முழுக் காவல் என்று எண்ணற்க. 2021 செப்டம்பர் 3 முதல் 10 வரை டிராவிஸ் தளத்தில் ஒரு பழுது இருந்தது. வெளியார் அனுப்பிய மாற்றங்களைச் சோதிக்கையில் பொதுக் களஞ்சியங்களின் இரகசியச் சாவிகள் அவர்களுக்கு எட்டக்கூடியனவாய் இருந்தன. எனவே சாவிக்கு வேண்டிய அளவு உரிமை மட்டுமே கொடுங்கள். படித்தால் போதுமெனில் எழுதும் உரிமை எதற்கு? காலாவதி நாளும் குறியுங்கள்.

இனி அந்த லேத்துக்கு வருகிறேன். பச்சைக் குறி வேலை வாங்கித் தந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பரிந்துரைக்க ஆளில்லாதவனுக்கு, எவரும் திறந்து பார்க்கத்தக்க சான்று ஒன்று கையில் இருக்கும், அவ்வளவே. அதுவும் சிறிதன்று.

மற்றொன்றும் உண்டு. கூடம் எழுதப்பட்ட சோதனையை மட்டுமே செய்யும். தமிழ்ப் பெயரை எவரும் சோதனையில் எழுதாவிடில், அதை வெட்டும் நிரலுக்கும் பச்சைக் குறியே கிடைக்கும். திறந்த களஞ்சியங்களுக்குப் புதிய நிரல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. சோதனை ஒன்றை மட்டும் எழுதி அனுப்பலாம். முதற் சோதனையாகச் சடையங்குப்பம் என்று எழுதி, எட்டு என்னும் விடையைக் கேளுங்கள். பதின்மூன்று என வந்து சிவப்புக் குறி விழுந்தால், அதைத் திருத்தும் வேலை அந்த நிரலை எழுதியவருடையது. உங்களால் இயன்றால் நீங்களே திருத்தி அனுப்புங்கள்.